மெசேஜ் ரெண்டு வந்துச்சுங்க, பணமும் ரெண்டுங்களா?

காங்கேயத்துக்குப் பக்கத்தில் என் தாய்மாமா ஒரு பால் சேகரிப்பு மையம் வைத்திருக்கிறார். காலை ஐந்தரைக்கு ஷட்டரைத் தூக்கினால் ஏழரை வரை கேன், தூக்குவாளி, பிளாஸ்டிக் குடம் என்று வரிசை நிற்கும். பால் ஊற்றுகிறவர்கள் மொத்தம் 180 பேர். எத்தனை லிட்டர், பாலைச் சோதிக்கும் அனலைசர் காட்டும் கொழுப்பு எவ்வளவு, எஸ்என்எஃப் (கொழுப்பு நீங்கலாகப் பாலில் உள்ள திடப்பொருள்) எவ்வளவு, அதற்கு என்ன தொகை என்பதெல்லாம் கணினியில் ஏறிவிடும். ஊற்றியவர் கைக்குப் போவது மட்டும் ஒரு சின்ன நோட்டில் பால்பாயிண்ட் கிறுக்கல். பத்து நாளைக்கு ஒருமுறை பட்டுவாடா நடக்கும்போது, "புதன்கிழமை சாயங்காலம் எனக்கு மட்டும் எப்படிங்க மூணு புள்ளி ஆறு ஃபேட்டு?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அன்றைக்கு முழுக்க அதே பேச்சுதான்.

"ஏனுங் மாப்ள, பேங்க்ல இருந்து வர்ற மாதிரி நம்ம ஆளுங்களுக்கும் ஊத்துன கையோட மெசேஜ் போயிட்டா என்ன?" என்று மாமா கேட்டது 2023-இல். நான் கோவையில் பைத்தான் மொழியில் நிரல் எழுதிப் பிழைக்கிறவன். "ஒரு ஞாயித்துக்கிழமை வேலைதானுங்க மாமா" என்று சொல்லிவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை முடிய நான்கு மாதம் ஆனது.

பழகிப் பார்ப்பதற்காக முதலில் ட்விலியோ என்ற குறுஞ்செய்தி சேவையில் சோதனைக் கணக்கு ஒன்று தொடங்கினேன். அவர்களுடைய பைத்தான் லைப்ரரியை (ஆயத்தமாக எழுதி வைத்த நிரல் தொகுப்பை) நிறுவி, கணக்கு எண், ரகசியச் சாவி, அனுப்பும் எண், பெறும் எண், செய்தி இவ்வளவையும் கொடுத்தால் ஆறேழு வரியில் வேலை முடிகிறது. ஓட்டிய சில வினாடியில் என் கைப்பேசி கிணுங்கியது. அந்தச் சந்தோஷத்தில் லைப்ரரி திருப்பித் தந்த பதிலை நான் சரியாகப் படிக்கவில்லை. ‘எஸ்எம்’ என்று தொடங்கும் 34 எழுத்து அடையாளம் ஒன்று, பக்கத்தில் நிலை: ‘க்யூட்’. பிழை எதுவும் இல்லையே, போய்ச் சேர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த நான்கு மாதத் தொல்லைகளில் பாதிக்கு இந்த ஒரு நினைப்புதான் காரணம்.

க்யூட் என்றால் வரிசையில் போட்டிருக்கிறோம் என்று மட்டும்தான் பொருள். அப்புறம் ‘சென்ட்’ வரும். அதுவும் அடுத்த கட்டத்தில் இருக்கும் தொலைபேசி நிறுவனம் வாங்கிக்கொண்டது என்பதற்குமேல் எதையும் சொல்லாது. ‘டெலிவர்ட்’ வந்தால்தான் கைப்பேசி வரை போனதாகக் கணக்கு. போகாவிட்டால் ‘அன்டெலிவர்ட்’ அல்லது ‘ஃபெயில்ட்’. இதை மாமாவுக்கு விளக்கப் போனபோது என்னைவிட அவர் நன்றாகச் சொன்னார்: "கேனை வண்டியில ஏத்தியாச்சுன்னா பால் குளிர்விக்கிற இடத்துக்குப் போயிருச்சுன்னு அர்த்தமா மாப்ள? வழியில கொட்டுனா யாருக்குத் தெரியும்?"

பழகியது அங்கே. உண்மையான வேலைக்கு, உள்நாட்டு எண்களுக்குக் குறைந்த செலவில் அனுப்பும் சேவை ஒன்றை எடுத்தேன். பெயர் வேண்டாம். அவர்களுக்கென்று யாரோ எழுதி வைத்திருந்த லைப்ரரி ஒன்று கிடைத்தது. கடைசியாக அதைத் தொட்டுச் சில வருடம் ஆகியிருந்தது. முதல் வாரமே சந்தேகம் வந்து அதன் மூல நிரலைத் திறந்தேன். மொத்தமே முந்நூறு வரி இருக்கும். சர்வர் 200 என்று, அதாவது எல்லாம் சரி என்ற குறியெண்ணைப் பதிலாகச் சொன்னால் ‘ட்ரூ’ (வெற்றி) திருப்பித் தரும்படி எழுதியிருந்தார்கள். ஆனால் அந்தச் சேவை, ‘உங்கள் கணக்கில் பணம் இல்லை’ என்பதைக்கூட 200-ஐப் போட்டு, உள்ளே எழுத்தில் சொல்லும் ரகம். அதாவது காசு தீர்ந்தாலும் லைப்ரரி வெற்றி என்றே சொல்லும். அன்றைக்கே அதைத் தூக்கிவிட்டு, இணையக் கோரிக்கை அனுப்பும் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியை வைத்து நானே அறுபது வரியில் ஒன்று எழுதிக்கொண்டேன். லைப்ரரியே கூடாது என்று சொல்ல வரவில்லை. சேவை நிறுவனமே பராமரிக்கும் லைப்ரரி இருந்தால் அதைத்தான் எடுப்பேன். ஊர் பேர் தெரியாததை எடுப்பதாக இருந்தால், பிழை வரும்போது அது என்ன செய்கிறது என்ற பகுதியை மட்டுமாவது படித்துவிடுவேன்.

அடுத்தது நீளம். நான் எழுதிய முதல் செய்தி ரொம்ப மரியாதையாக இருந்தது: ‘அன்புடையீர், இன்று காலை தங்கள் பால் அளவு 6.4 லிட்டர், கொழுப்பு 4.1, எஸ்என்எஃப் 8.5, தொகை ரூ.224.00. நன்றி.’ கண்ணால் எண்ணினால் இடைவெளியையும் சேர்த்து 77 எழுத்து. 160-க்குள் தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். சேவை நிறுவனம் சொன்ன மாதக் கட்டணம் நான் போட்ட கணக்கைப்போல் இரண்டு மடங்கு.

ஒரு குறுஞ்செய்தியின் வயிறு 140 பைட். அதாவது 1,120 பிட். ஆங்கில எழுத்துகளுக்கு ஆளுக்கு ஏழு பிட் என்பதால் 160 பிடிக்கும். அந்தப் பட்டியலில் இல்லாத எழுத்து ஒன்றே ஒன்று வந்தாலும் செய்தி முழுவதும் எழுத்துக்குப் பதினாறு பிட் என்று மாறிவிடும். அப்போது 70தான். நீளம் தாண்டினால் துண்டாகப் போகும். துண்டுகளை ஒட்டுவதற்கான குறிப்புக்கு 6 பைட் போய்விடுவதால் ஆங்கிலத்தில் துண்டுக்கு 153, தமிழில் 67. இந்த 160 போதும் என்று 1985 வாக்கில் முடிவுக்கு வந்தவர் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் என்ற ஜெர்மானியர். தட்டச்சுப் பொறியில் சாதாரண வாக்கியங்களை அடித்து எழுத்துகளை எண்ணிப் பார்த்தாராம். அவர் தமிழில் ஒரு வரி அடித்துப் பார்த்திருந்தால் மாமாவுக்குக் காசு மிச்சமாகியிருக்கும்.

சரி, 77 என்றாலே 70-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் கணினி எண்ணியது 77 இல்லை, 106. நமக்கு ‘பு’ ஓர் எழுத்து. யூனிகோடுக்குப் ‘ப’ ஒன்று, உகரக் கொக்கி ஒன்று. ‘ன்’ என்பதில் னகரம் ஒன்று, புள்ளி ஒன்று. ‘கொழுப்பு’ நமக்கு நான்கு எழுத்து, அதற்கு எட்டு. நீளத்தை எண்ணித் தரும் பைத்தானின் ‘லென்’ தமிழுக்கு இந்த எண்ணிக்கையைச் சரியாகவே தருகிறது. எமோஜியில்தான் ஏமாற்றும். கடைசியில் ஒரு பசுமாட்டுப் படம் போடலாம் என்று மாமா ஆசைப்பட்டார். பைத்தான் அதை ஒன்று என்று எண்ணும், குறுஞ்செய்தியில் அது இரண்டு இடத்தைத் தின்னும். மாடு வேண்டாம் என்று முடிவானது.

மரியாதையை எல்லாம் உருவிப்போட்ட பிறகு வந்து நின்ற வடிவம் இது: ‘காலை பால் 6.4லி கொழுப்பு 4.1 எஸ்என்எஃப் 8.5 ரூ.224.00’. இது 53. மையத்தின் பெயரைச் சுருக்கிப் பின்னால் சேர்த்து 66. எங்களிடம் ஒரு வேளைக்கு 31 லிட்டர் வரை ஊற்றுகிறவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு லிட்டர் இரண்டு இலக்கம், தொகை நான்கு இலக்கம் என்பதால் 68. அவரை வைத்துத்தான் நீளத்தைச் சோதித்தேன், சராசரி ஆளை வைத்து அல்ல. காலையும் மாலையுமாக ஒரு நாளைக்கு 360 செய்தி. இரண்டு துண்டாகப் போனால் 720. மாதத்துக்கு 10,800 துண்டு வித்தியாசம். சின்ன மையத்துக்கு இது பெரிய காசு.

ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி அனுப்பினால் 160 கிடைக்குமே என்று அலுவலக நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். மாமா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "நம்ம ஆளுங்க பஸ் போர்டையே தமிழ்லதான் படிக்கிறாங்க." ஆங்கிலத்திலேயே அனுப்புகிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ரூபாய்ச் சின்னமும், வேர்டிலிருந்து வரும் வளைந்த மேற்கோள் குறியும் அந்த ஏழு பிட் பட்டியலில் கிடையாது. ஒன்று நுழைந்தாலும் 160 என்பது 70 ஆகிவிடும்.

இதற்கு நடுவில் டிஎல்டி என்ற பதிவு முறை. இந்தியாவில் நிறுவனம் அனுப்பும் குறுஞ்செய்திக்கு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைப்படி பதிவு வேண்டும். அனுப்புகிறவர் யார் என்பது ஒரு பதிவு, அனுப்புகிறவர் பெயராகத் தெரியும் ஆறெழுத்துத் தலைப்பு ஒன்று, அப்புறம் செய்தியின் அச்சு, அதாவது மாதிரி வாசகம். மாறும் இடங்களில் மாறிக்கான குறியைப் போட்டு, மற்ற வாசகத்தை அப்படியே எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும். அனுப்பும்போது அச்சோடு பொருந்தாத செய்தி வழியிலேயே நிறுத்தப்படும். 2021 மார்ச் 8 அன்று இந்தச் சரிபார்ப்பை முழுதாக நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது வங்கி ஓடிபிகளே நின்றுபோய், டிராய் அதை ஏழு நாள் தள்ளிவைத்தது. பெரிய வங்கிகளே தடுமாறிய இடம். என் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு முறை நிராகரிப்பு. மையத்தின் பெயர் வாசகத்தில் இல்லை என்று ஒருமுறை, தமிழ் வாசகத்தை யூனிகோடு வகை என்று குறிக்கவில்லை என்று ஒருமுறை. மூன்றாவது தடவை ஒப்புதல் கிடைத்தது. மறுநாள் காலை 180 செய்தியும் க்யூட். ஒன்றுகூட யாருக்கும் போகவில்லை. சேவை நிறுவனத்தின் அறிக்கையில் எல்லாவற்றுக்கும் நேராக ஒரே காரணம்: அச்சு பொருந்தவில்லை.

ஒப்புதல் பெற்ற வாசகத்தையும் என் நிரலில் இருந்ததையும் திரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒரு மணி நேரம் பார்த்தேன். புள்ளி, இடைவெளி எல்லாம் ஒன்றுதான். கடைசியில் இரண்டையும் ‘லென்’ போட்டேன். ஒன்று இன்னொன்றைவிட ஓர் எண் கூடுதல். குறியெண்களை ஒவ்வொன்றாக அச்சிட்டால் குற்றவாளி ‘கொழுப்பு’. என் நிரலில் ‘கொ’ என்பது ககரமும் ஒகரக் குறியும். பதிவு செய்த வாசகத்திலோ ககரம், எகரக் கொம்பு, கால் என்று மூன்றாகப் பிரிந்து கிடந்தது. பதிவுக்கான வாசகத்தை மாமா ஊரில் டிடிபி கடையில் அடித்து வாங்கியிருந்தார். பழைய எழுத்துருவில் அடித்து யூனிகோடுக்கு மாற்றியது அது. அந்தக் காலத்து எழுத்துருக்களில் கொம்பும் காலும் தனித்தனிதானே. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்குத்தான் இரண்டும் வேறு.

பைத்தானில் இதற்கு ‘யூனிகோடுடேட்டா’ தொகுதியில் ‘நார்மலைஸ்’ இருக்கிறது. ‘என்எஃப்சி’ என்று கேட்டால் பிரிந்து கிடக்கும் கொம்பையும் காலையும் சேர்த்து ஒன்றாக்கிவிடும். வாசகத்தை அதில் போட்டெடுத்து மறுபடி பதிந்தேன். அடுத்த நாள் போயிற்று. இதே குடும்பத்தில் இன்னொரு கள்ளன் உண்டு. ‘கௌ’ என்பதை எகரக் கொம்பும் ‘ள’ எழுத்தும் போட்டு அடிக்கும் பழக்கம். பார்க்க அப்படியே இருக்கும். என்எஃப்சிகூட அதைச் சரிசெய்யாது, ஏனென்றால் அது உண்மையிலேயே ளகரம். கௌரி, கௌசல்யா என்று பெயர் வைத்துத் தேடுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

எண்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உறுப்பினர் பட்டியல் எக்செல்லில் இருந்தது. முன்னால் 91 சேர்த்தால் 12 இலக்கம். சாதாரண அமைப்பில் எக்செல் அதை அறிவியல் முறையில் சுருக்கிக் காட்டும். சிஎஸ்வியாக (வெறும் உரைக்கோப்பாக) சேமித்தால் காட்டியபடியே சேமித்துவிடும். பாதி எண்கள் 9.19-க்குப் பக்கத்தில் ஓர் ‘ஈ’யும் 11-உமாக வந்து சேர்ந்தன. அந்த நெடுவரிசையை உரை என்று முதலிலேயே குறித்திருந்தால் இது வந்திருக்காது. பிறகு எண்களைச் சரிபார்க்கும் ‘ஃபோன்நம்பர்ஸ்’ லைப்ரரியில் போட்டு எல்லாவற்றையும் கூட்டல் குறி, 91, பத்து இலக்கம் என்று ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தேன். முன்னால் பூஜ்யம் போட்டவை, நடுவில் இடைவெளி விட்டவை எல்லாம் தானாகச் சரியாயின. ஒன்பது இலக்கத்தோடு நின்றவை நான்கு. அவர்களை மட்டும் வரிசையில் நிற்கும்போது கேட்டு வாங்கினோம்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். எல்லாம் ஓடத் தொடங்கி மூன்றாவது வாரம். காலை ஏழு மணிக்கு மாமாவிடமிருந்து அழைப்பு. பின்னணியில் ஒரே சிரிப்புச் சத்தம். ஒரு பெரியவர் ஃபோனை வாங்கிக் கேட்டார்: "தம்பி, மெசேஜ் ரெண்டு வந்துச்சுங்க, பணமும் ரெண்டுங்களா?" இன்னொருவருக்கு மூன்று வந்திருந்தது. சிரித்தது அவர்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பட்டுவாடா அன்றைக்கு யாராவது ஒருவர் அந்த இரண்டாவது செய்தியை நிஜமாகவே காட்டிக் கேட்டால் மாமாவின் பேர் என்னாவது?

நடந்தது இதுதான். ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியில் காத்திருப்பு நேரம் நாமாகச் சொல்லாவிட்டால் அது முடிவில்லாமல் காத்துக்கொண்டே இருக்கும். அது தெரிந்து, ஐந்து வினாடி என்று வைத்திருந்தேன். பதில் வராவிட்டால் மூன்று தடவை வரை மறுபடி அனுப்பு என்றும் எழுதியிருந்தேன். அன்று காலை அந்தச் சேவையின் சர்வர் மந்தமாக இருந்தது. என் கோரிக்கையை வாங்கிக்கொண்டது, வேலையையும் செய்தது, பதில் சொல்லத்தான் ஏழெட்டு வினாடி எடுத்தது. நான் ஐந்தாவது வினாடியில் ‘போகவில்லை’ என்று முடிவு கட்டி மறுபடி அனுப்பினேன்.

போனதா போகவில்லையா என்று தெரியாத நிலையைப் போகவில்லை என்று எடுத்துக்கொண்டதுதான் தப்பு. ரிக்வெஸ்ட்ஸ் இந்த இரண்டையும் தனித்தனிப் பிழையாகவே தருகிறது. சர்வரோடு இணைப்பே கிடைக்கவில்லை என்றால் ‘கனெக்ட் டைம்அவுட்’. கோரிக்கை அங்கே போகவே இல்லை, தைரியமாக மறுபடி அனுப்பலாம். இணைப்பு கிடைத்து, கொடுத்தும் முடித்து, பதில் மட்டும் வரவில்லை என்றால் ‘ரீட் டைம்அவுட்’. இதில் கை வைக்கக் கூடாது. நான் இரண்டையும் பிழையைப் பிடிக்கும் ஒரே ‘எக்ஸெப்ட்’டில் போட்டிருந்தேன்.

பிறகு மாற்றியமைத்தது இப்படி. அனுப்புவதற்கு முன்பே எஸ்க்யூலைட் என்ற சின்னத் தரவுத்தளத்தில் ஒரு வரி எழுதிவிடும். உறுப்பினர் எண், தேதி, காலையா மாலையா என்ற மூன்றும் சேர்ந்து ஒரு சாவி. அதே சாவியில் இரண்டாவது வரி எழுத தரவுத்தளமே விடாது. அனுப்பியபின் பதில் வந்தால் அடையாள எண்ணைப் பக்கத்தில் குறித்துக்கொள்ளும். பதில் வராவிட்டால் ‘தெரியவில்லை’ என்று குறித்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடும். அரைமணி கழித்து வேறொரு சின்ன நிரல் அந்தத் ‘தெரியவில்லை’களை மட்டும் எடுத்துக்கொண்டு சேவையின் பட்டியலில் தேடும். இருந்தால் நிலையைத் திருத்தும், இல்லாவிட்டால்தான் மறுபடி அனுப்பும். கோரிக்கையோடு நம்முடைய எண் ஒன்றைக் கொடுத்தால் அதே எண் மறுபடி வரும்போது தள்ளிவிடும் வசதி சில சேவைகளில் உண்டு. நான் எடுத்ததில் அது இல்லை. உங்களுடையதில் இருந்தால் முதல் நாளே அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

மற்றப் பிழைகளையும் அப்போதே பிரித்து எழுதினேன். எண் தவறு, சாவி தவறு என்பதுபோல் 400 வரிசையில் வந்தால் எத்தனை தடவை அனுப்பினாலும் அதே பதில்தான், எனவே நிறுத்திவிட்டு எனக்குத் தகவல். 429 வந்தால் வேகம் அதிகம் என்று பொருள். ஒரு வினாடி, இரண்டு, நான்கு என்று இரட்டித்துக் காத்திருக்கும். மாமாவின் மையத்தில் 429 ஒருமுறைகூட வந்ததில்லை. மனிதர்கள் வரிசையில் நின்று ஊற்றும் வேகத்துக்கு எந்தச் சர்வரும் திணறாது.

நிலை மாறும்போது சேவை நிறுவனமே நம்மைக் கூப்பிட்டுச் சொல்லும் ஏற்பாடும் இருக்கிறது. அதற்கென்று மாதம் சில நூறு ரூபாயில் ஒரு சர்வர் எடுத்தேன். அதிலும் ஒரு சறுக்கல். சிலருக்கு ‘டெலிவர்ட்’ முதலிலும் ‘சென்ட்’ பிறகும் வந்து சேர்ந்தது. கடைசியில் வந்ததை நிலையாக எழுதியதால், போய்ச் சேர்ந்த செய்திகள் போகாதவைபோல் தெரிந்தன. நிலை முன்னால் மட்டும்தான் நகரலாம் என்று ஒரு வரி சேர்த்தேன். ரகசியச் சாவியை நிரலுக்குள்ளேயே எழுதி, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஏற்றப் போன கதையும் உண்டு. கடைசி நிமிடத்தில் பார்த்து, நிரலுக்கு வெளியே இருக்கும் சூழல் மாறிக்கு மாற்றினேன். வெட்கமாக இருப்பதால் அதை இத்தோடு விடுகிறேன்.

இப்போது மாமாவின் திரையில் 180 பெயருக்கும் நேராக ஒரு நிறம். போனது பச்சை, தெரியாதது மஞ்சள், போகாதது சிவப்பு. பெரும்பாலும் பச்சை. அதில் எப்போதும் பச்சையாக இருக்கும் ஒரு அம்மா, இரண்டு எருமை வைத்திருப்பவர், ஒருநாள் என்னிடம் வந்து, "எல்லாருக்கும் வருதாமா சாமி, எனக்கு மட்டும் ஒண்ணும் வர்றதில்லையே" என்றார். அவருடைய கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். உண்மைதான், ஒன்றுகூட இல்லை. பதிவேட்டில் இருந்த எண் அவர் மகனுடையது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்.

"அம்மா, உங்க நம்பரே போட்டுடறேனுங்க" என்று கணினியைத் திறந்தேன்.

அவர் ஒரு நிமிடம் யோசித்தார். "அதுதான் தெனமும் ராத்திரி கூப்புட்டு, ‘ஏம்மா இன்னைக்குப் பால் கொறைஞ்சிருக்கு, எருமைக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா’ன்னு கேக்கறானா? நான் இவனுக்கு எப்படித் தெரியுதுன்னு நெனச்சேன்" என்றார். பிறகு, "நம்பர் அப்படியே இருக்கட்டும் சாமி."

அவருடைய நோட்டில் மட்டும் மாமா இன்றைக்கும் பால்பாயிண்டில் எழுதிக் கொடுக்கிறார்.